கடைசிப் படம் இதுதான் என்று யார் சொல்வது?

கைபேசியில் ஒரு வீடியோ முடியும் தறுவாயில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோப்பில் படிக்க இனி ஒரு பைட்கூட மிச்சமில்லை. செயலி எல்லாவற்றையும் சிப்பிடம் ஒப்படைத்துவிட்டது. ஆனாலும் பார்ப்பவர் கண்ணுக்கு வரவேண்டிய சில படங்கள் இன்னும் வரவில்லை. அவை விரிக்கப்பட்டுத் தயாராக, வெளியே போகலாம் என்ற அனுமதிக்காகச் சிப்பின் நினைவகத்தில் காத்துக் கிடக்கின்றன. அந்த அனுமதியை யார் தருவது? எல்லாப் படமும் வந்துசேர்ந்துவிட்டது என்பதைச் செயலி எப்படித் தெரிந்துகொள்வது? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். இதற்கு ஒழுங்கான, எல்லோருக்கும் பொதுவான விடையை எழுதி வைக்க லினக்ஸ் உலகத்துக்கு ஏறக்குறைய பத்து ஆண்டு பிடித்தது. தரவு வராமல் நின்றுபோவதை முடிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முடிவே ஒரு செய்தி, அது தரவு போகும் அதே வரிசையில் நின்று போய்ச்சேர வேண்டும் என்பது அந்த விடையின் சாரம். அது சரியான விடை என்பதை இங்கே நிறுவப் பார்க்கிறேன். ஏனென்றால் அதை வேண்டாத சிக்கல் என்று ஒதுக்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

முதலில் களத்தைப் பார்த்துவிடலாம். முழு எச்.டி. படம் ஒன்றில் 1920-ஐ 1080-ஆல் பெருக்கினால் வரும் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. வழக்கமான வண்ண முறையில் புள்ளிக்கு ஒன்றரை பைட் என்று கணக்கிட்டால் ஒரு படத்துக்கு 31 லட்சம் பைட். நொடிக்கு 25 படம் என்றால் 7.7 கோடி பைட்டுக்கு மேல். இதை அப்படியே கம்பியிலோ காற்றலையிலோ அனுப்பிக் கட்டுப்படியாகாது என்பதால்தான் எச்.264, எச்.இ.வி.சி., விபி9, ஏவி1 போன்ற சுருக்க முறைகள் வந்தன. சுருக்கியதை மறுபடி விரிக்கும் வேலையைக் கைபேசி, டிவி, செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றிலும் தனியான ஒரு மின்சுற்று செய்கிறது. அதுதான் டிகோடர். அந்தச் சுற்றுக்கும் செயலிக்கும் நடுவே இயங்குதளத்தின் கர்னலுக்குள் உட்கார்ந்திருக்கும் மென்பொருள், டிரைவர். லினக்ஸில் இந்த டிரைவர்கள் 'வீடியோ ஃபார் லினக்ஸ் 2' என்ற பொது இடைமுகத்தின்படி நடக்கின்றன. அதில் இரண்டு வரிசைகள் உண்டு. ஒன்றில் செயலி சுருக்கப்பட்ட தரவை நினைவகத் துண்டுகளாக, அதாவது பஃபர் பஃபராகப் போடும். இன்னொன்றில் காலிப் பஃபர்களைப் போட்டுவிட்டு, படம் நிரம்பியதும் திரும்ப எடுத்துக்கொள்ளும். முதலாவதற்கு அந்த இடைமுகம் வைத்திருக்கும் பெயர் 'அவுட்புட்', இரண்டாவதற்கு 'கேப்சர்'. செயலியின் பக்கமிருந்து பார்த்து வைத்த பெயர்கள் இவை. புதிதாக வருகிறவர்களைக் குழப்பக்கூடியவை. இங்கே உள்வரிசை, வெளிவரிசை என்றே சொல்கிறேன்.

டிகோடர் ஏன் படங்களைக் கையில் பிடித்து வைத்துக்கொள்கிறது? சுருக்கும்போது ஒரு படத்தை அதற்கு முந்தைய படத்தோடு மட்டுமின்றிப் பிந்தைய படத்தோடும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் எழுதினால் இடம் வெகுவாக மிச்சமாகும். அப்படிச் செய்தால் பிந்தைய படம் முதலில் விரிந்தாக வேண்டும். எனவே படங்கள் வரும் வரிசை வேறு, காட்டும் வரிசை வேறு. ஒரு சிறு உதாரணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். காட்ட வேண்டிய வரிசை 1, 2, 3, 4, 5. வருகிற வரிசை 1, 5, 3, 2, 4. இரண்டு படம் வரை கையில் வைத்துக்கொண்டு வரிசைப்படுத்து என்று வீடியோவின் தலைப்புத் தகவல் சொல்கிறது. 1, 5, 3 மூன்றும் விரிந்ததும் கையிருப்பு இரண்டைத் தாண்டுகிறது. ஆகவே ஆகச் சிறிய எண்ணான 1 வெளியே போகிறது. 2 வந்ததும் 2 போகிறது. 4 வந்ததும் 3 போகிறது. தரவு அதோடு தீர்ந்தது. டிகோடரின் கையில் இப்போது 4, 5 இரண்டும் இருக்கின்றன. அவற்றை ஏன் விடவில்லை? அடுத்து வரப்போகும் படம் 4-க்கும் 5-க்கும் நடுவில் உட்கார வேண்டியதாகக்கூட இருக்கலாம். எச்.264-இல் இந்த வரிசை எண்கள் சீரான இடைவெளியில் வர வேண்டும் என்று கட்டாயமில்லை. அவற்றை ஒப்பிட மட்டுமே முடியும். ஆகவே டிகோடர் பிடித்து வைத்திருப்பது பிழை இல்லை. விதி அதைத்தான் செய்யச் சொல்கிறது.

கையிருப்பு எவ்வளவு என்று வீடியோ சொல்லாமல் விட்டால் நிலைமை இன்னும் கடுமை. அப்போது டிகோடர் அந்தத் தரநிலை அனுமதிக்கும் உச்ச அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். படத்தைப் பகுக்கும் சிறு சதுரக் கட்டங்களில் சொன்னால், எச்.264-இன் 4-ஆம் நிலைக்கு நினைவக வரம்பு 32,768 கட்டங்கள், முழு எச்.டி. படம் ஒன்றுக்கு 8,160 கட்டங்கள் தேவை. வகுத்தால் நான்கு படம். சிறிய படங்களுக்கு இது 16 வரை போகலாம். நொடிக்கு 25 படம் என்ற வேகத்தில் 16 படம் என்பது அரை நொடிக்கும் மேல், 0.64 நொடி. இதுபோக இன்னொரு தாமதமும் உண்டு. எச்.264 தரவை வெறும் ஓடையாக அனுப்பும்போது ஒரு படம் எங்கே முடிகிறது என்பது அடுத்த படத்தின் தொடக்கக் குறியைப் பார்த்த பிறகே உறுதியாகும். கடைசிப் படத்துக்கு அடுத்த படம் கிடையாது. ஆக, கடைசிப் படம் விரியவே தொடங்காமல்கூடக் கிடக்கலாம்.

இங்கே முதல் மறுப்பு எழும்: உள்வரிசையில் தரவு தீர்ந்துபோனால் முடிந்துவிட்டது என்று டிரைவரே எடுத்துக்கொள்ளக் கூடாதா? கூடாது. உள்வரிசை காலியாவது அன்றாடம் நடப்பது. இணையம் ஒரு கணம் தடுமாறும். சேமிப்பகம் மெதுவாகப் படிக்கும். செயலி வேறு வேலையில் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறை காலியாகும்போதும் டிகோடர் கையிருப்பைக் கொட்டிவிட்டால், மேலே சொன்ன உதாரணத்தில் 4-க்கு முன்பே 5 திரைக்குப் போய்விடும். பிறகு வரும் 4-க்கு இடமிருக்காது. சரி, அரை நொடி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கொட்டலாமே என்பார்கள். அந்த அரை நொடியை யார் தீர்மானித்தது? மெதுவான இணைப்புக்கு அது போதாது. ஒரு மணி நேர வீடியோவை நிமிடங்களில் மாற்றிக்கொடுக்கும் சர்வருக்கு அது வீணாகும் அரை நொடி. காலக்கெடு வைத்து முடிவைக் கண்டுபிடிக்கும் மென்பொருள், உருவாக்கியவர் மேசையில் நன்றாக ஓடும். சுமை ஏறிய நாளில் காலை வாரிவிடும். மௌனத்துக்கு இரண்டு பொருள் இருக்கும்போது எது என்று ஊகிப்பதைவிடக் கேட்டுத் தெரிந்துகொள்வதே பொறியியல். முடிந்தது என்பது செயலிக்குத்தான் தெரியும். அதை அது வாய்திறந்து சொல்ல வேண்டும்.

சொல்வது எப்படி என்பதில்தான் தடுமாற்றம் இருந்தது. முதலில் பழக்கத்துக்கு வந்த வழி காலிப் பஃபர். தரவு இல்லாத, நீளம் பூஜ்யமான ஒரு பஃபரை உள்வரிசையில் போட்டால் முடிந்தது என்று பொருள். சாம்சங் சிப்புகளுக்காக 2011-இல் கர்னலுக்குள் வந்த எம்.எஃப்.சி. டிரைவர் இந்த வழியில்தான் இயங்கியது. யூனிக்ஸ் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது இயல்பாகவே தோன்றும். அங்கே கோப்பைப் படிக்கக் கேட்டால் பூஜ்யம் பைட் திரும்பி வருவதுதான் கோப்பு முடிந்ததன் அறிகுறி. இந்த வழியில் ஒரு நல்ல குணமும் உண்டு: செய்தி தரவின் வரிசையிலேயே நிற்கிறது. அதற்கு முன்னால் போட்டதெல்லாம் முன்னால், பின்னால் போட்டதெல்லாம் பின்னால்.

ஆனால் லினக்ஸ் வீடியோ இடைமுகத்தில் பூஜ்யத்துக்கு ஏற்கெனவே வேறு பொருள் இருந்தது. பஃபரில் எத்தனை பைட் நிரம்பியிருக்கிறது என்று செயலி சொல்லாமல் பூஜ்யம் என்று விட்டால், பஃபர் முழுவதும் நிரம்பியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே பழைய ஆவணத்தின் விதி. ஒரே அளவிலான, விரிந்த படங்களை வெளியே அனுப்பும் கருவிகளை மனதில் வைத்து எழுதிய விதி அது. அங்கே ஒவ்வொரு முறையும் நீளம் சொல்ல வேண்டிய தேவையில்லை. இப்போது ஒரே பூஜ்யம் ஓரிடத்தில் முழுமை, இன்னோரிடத்தில் முடிவு. ஒரு மெகாபைட் அளவுள்ள காலிப் பஃபரைப் போட்டு முடிந்தது என்று செயலி சொல்ல, பஃபர்களை நிர்வகிக்கும் பொது அடுக்கு அதை ஒரு மெகாபைட் தரவு என்று திருத்தி டிரைவரிடம் கொடுத்தால் என்ன ஆகும்? டிகோடர் குப்பையை விரிக்கப் போகும். முடிவுச் செய்தி தொலைந்துபோகும். இதைச் சரிசெய்ய 2015-இல் பொது அடுக்கில் ஒரு விதிவிலக்கைச் சேர்த்தார்கள். பூஜ்யத்தைப் பூஜ்யமாகவே விடு என்று கேட்கும் டிரைவர்களுக்கு மட்டும் அது பொருந்தும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளை உடைக்கக் கூடாது என்பது லினக்ஸ் கர்னலின் கறாரான கொள்கை. ஆகவே பழைய பொருளை ஒரேயடியாக நீக்கவும் முடியாது. ஒரு மதிப்புக்கு இரட்டைப் பொருள் கொடுத்துவிட்டால் அதன் வட்டியைப் பல ஆண்டுகளுக்குக் கட்ட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இரண்டாவது வழி, நிகழ்வு அறிவிப்பு. கடைசிப் படம் தயாரானதும் டிரைவர் முடிந்தது என்று ஒரு தனி அறிவிப்பை அனுப்பும். கேட்பதற்கு நேர்த்தியாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அறிவிப்பு ஒரு பாதையில் வருகிறது, படங்கள் வேறு பாதையில் வருகின்றன. செயலி அறிவிப்பைக் கையில் எடுக்கும் நேரத்தில் வெளிவரிசையில் இன்னும் மூன்று படம் எடுக்கப்படாமல் இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். அறிவிப்பைப் பார்த்த மாத்திரத்தில் கடையைக் கட்டினால் அந்த மூன்றும் போச்சு. இல்லை, அடுத்த படத்துக்காகக் காத்திருப்போம் என்று செயலியின் ஓர் இழை (த்ரெட்) உறங்கப் போனால், வராத படத்துக்காக அது எழுந்திருக்கவே போவதில்லை. கவனமாக எழுதினால் இதைச் சமாளிக்கலாம், உண்மை. ஆனால் ஒவ்வொரு செயலி எழுதுகிறவரும் தனித்தனியாகக் கவனமாக இருந்தால்தான் சரியாக ஓடும் என்ற இடைமுகத்தை நல்ல இடைமுகம் என்று சொல்ல மாட்டேன். எது கடைசி என்று அறிவிப்பால் சுட்டிக்காட்ட முடியவில்லை. கடைசி ஒன்று உண்டு என்று மட்டுமே அதால் சொல்ல முடிந்தது. இன்றைய கர்னல் ஆவணம் இந்த அறிவிப்பைப் பழைய செயலிகளுக்காக விட்டுவைத்திருக்கிறது. புதிய செயலிகள் இதை நம்பக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது.

மூன்றாவது வழியாக, 2015-இல் வெளிவரிசைப் பஃபரிலேயே ஒட்டும் 'லாஸ்ட்' என்ற அடையாளக் குறி, அதாவது ஃபிளாக், வந்தது. நம் ரயில்களில் கடைசிப் பெட்டியின் பின்னால் பெரிய பெருக்கல் குறியும் எல்.வி. என்ற பலகையும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டேஷனில் இருப்பவர் பெட்டிகளை எண்ணுவதில்லை. அந்தக் குறி தன்னைக் கடந்ததா என்று பார்க்கிறார். கடந்துவிட்டால் ரயில் முழுதாகப் போய்விட்டது. கடக்காவிட்டால் ஏதோ பெட்டி நடுவழியில் கழன்று நிற்கிறது. குறி ரயிலோடு சேர்ந்தே வருவதால்தான் அதை நம்ப முடிகிறது. 'லாஸ்ட்' ஃபிளாக்கின் தர்க்கமும் அதுதான். இதோடு முடிவைத் தொடங்கிவைக்க 'ஸ்டாப்' என்ற கட்டளையும் இருக்கிறது. இரண்டையும் இணைத்து முழு நடைமுறையும் கர்னல் ஆவணத்தில் 2019-இல் ஏறியது.

அந்த நடைமுறையைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்க வேண்டும். நுணுக்கமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. செயலி கடைசித் தரவைப் போட்டபின் 'ஸ்டாப்' கட்டளை கொடுக்கிறது. அந்தக் கணத்தில் உள்வரிசையில் நிற்கும் பஃபர்கள் எல்லாவற்றையும் விரித்து முடிக்க டிரைவர் கடமைப்பட்டது. கட்டளைக்குப் பிறகு போடும் பஃபரை அது தொடாது. அதாவது கட்டளை வெளியிலிருந்து வந்தாலும் வரிசையில் ஒரு கோடு கிழிக்கிறது. அடுத்து டிகோடர் கையிருப்பை ஒவ்வொன்றாக வெளியே தள்ளுகிறது. இந்த வடிக்கும் கட்டத்தில் செயலி வெளிவரிசைக்குக் காலிப் பஃபர்களைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பலர் வழுக்குவது இங்கேதான். வேலை முடிந்தது என்று நினைத்துக் காலிப் பஃபர் கொடுப்பதை நிறுத்திவிட்டு ஃபிளாக்குக்காகக் காத்திருந்தால், படத்தை வைக்க இடமில்லாமல் டிரைவர் செயலியை எதிர்பார்த்து நிற்கும், செயலி டிரைவரை எதிர்பார்த்து நிற்கும். திரை உறைந்துபோகும். யாரும் தவறு செய்ததாகப் பதிவேட்டில் ஒரு வரிகூட இருக்காது.

இன்னொரு நுணுக்கம். 'ஸ்டாப்' வருவதற்குள் கடைசிப் படத்தை டிரைவர் ஏற்கெனவே கொடுத்து முடித்திருந்தால்? கொடுத்த படத்தைத் திரும்பக் கேட்டு ஃபிளாக் ஒட்ட முடியாது. அதற்காக ஒரு காலிப் பஃபரை, நீளம் பூஜ்யம் என்று குறித்து, 'லாஸ்ட்' ஃபிளாக்கோடு அனுப்பலாம் என்று விதி அனுமதிக்கிறது. செயலி இதைப் படமாக எண்ணிக் காட்டிவிடக் கூடாது. காட்டினால், புதிய பஃபராக இருந்தால் முழுப் பச்சைத் திரையும், பழைய பஃபராக இருந்தால் முன்பு ஓடிய ஏதோ ஒரு படமும் கடைசியில் ஒரு கணம் தலைகாட்டும். வண்ண முறையில் எல்லா மதிப்பும் பூஜ்யமானால் வரும் நிறம் கரும்பச்சை என்பதால்தான் அந்தப் பச்சை. வீடியோ முடிவில் பச்சை மின்னலைப் பார்த்தவர்களுக்கு, அதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். கடைசி ஏற்பாடு, ஃபிளாக் போன பிறகும் யாராவது அடுத்த படம் கேட்டால் டிரைவர் அவரை உறங்க விடாமல் உடனே ஒரு பிழைக் குறியைத் திருப்பித் தருகிறது. முன்பு சொன்ன, எழுந்திருக்கவே போகாத இழையின் கதை இதோடு தீர்ந்தது.

இதே ஃபிளாக்குக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறார்கள். இணைய வேகம் கூடும்போது ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ 480 வரித் தெளிவிலிருந்து 1080-க்குத் தாவுகிறது அல்லவா? பழைய அளவுப் பஃபரில் புதிய படம் கொள்ளாது. ஆகவே பழைய அளவின் கடைசிப் படத்தில் 'லாஸ்ட்' ஒட்டி, அளவு மாறியது என்ற அறிவிப்பையும் டிரைவர் அனுப்பும். செயலி பஃபர்களை மாற்றிக்கொண்டு தொடரும். ஒரே குறிக்கு இரண்டு பொருள் கொடுப்பதைச் சற்று முன்புதானே கண்டித்தீர்கள் என்று கேட்டால், கேள்வி நியாயம். ஆனால் இங்கே குறியின் பொருள் மாறவில்லை: இந்தத் தொகுதிப் பஃபர்களில் இதற்குப் பிறகு ஒன்றும் வராது என்பதே இரண்டு இடத்திலும் அது சொல்வது. ஏன் வராது என்பதைத்தான் அறிவிப்பு சொல்கிறது. அதோடு இது டிரைவர் எழுதுகிறவர்களுக்கு உண்மையான தலைவலி என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வடிக்கும் கட்டத்தின் நடுவில் அளவு மாறினால் இரண்டு முடிவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். முதல் ஃபிளாக்கைப் பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்று செயலி போய்விட்டால் புதிய அளவுப் படங்கள் அத்தனையும் தொலையும்.

அடுத்த மறுப்பு சுருக்க முறைகளை அறிந்தவர்களிடமிருந்து வரும். வீடியோ ஓடைக்குள்ளேயே முடிவுக் குறி இருக்கிறதே, டிகோடர் அதைப் பார்த்துக்கொள்ளாதா? எம்பெக்-2-இல் நான்கு பைட் முடிவுக் குறி உண்டு. எச்.264-இல் 10-ஆம் வகை அலகு தொடர் முடிவையும் 11-ஆம் வகை ஓடை முடிவையும் குறிக்கும்; எச்.இ.வி.சி.-யில் அவை 36, 37. இருக்கிறது, ஆனால் வைத்தே தீரவேண்டும் என்ற கட்டாயமில்லை. நடைமுறையில் பெரும்பாலான கோப்புகளில் இருப்பதில்லை. விபி8, விபி9 இரண்டிலும் அப்படியொரு குறியே கிடையாது. குறி இருந்தாலும் அது சொல்வது வேறு செய்தி. இரண்டு கோப்புகளை ஒட்டினால் முதல் கோப்பின் முடிவுக் குறி நடுவில் நிற்கும். அங்கே செயலியின் வேலை முடியவில்லை. வீடியோவின் பாதியில் பார்ப்பவர் நிறுத்திவிட்டால் செயலிக்கு வேலை முடிந்தது. ஓடையில் குறி வரவில்லை. ஓடையின் இலக்கணம் எங்கே முடிகிறது என்பதும் பயன்படுத்துகிறவரின் தேவை எங்கே முடிகிறது என்பதும் தனித்தனிக் கேள்விகள். உள்ளடக்கத்துக்குள் எழுதிய குறியால் இரண்டாவதற்கு விடை சொல்ல முடியாது. முடிவுச் செய்தி தரவின் வரிசையில் நிற்க வேண்டும், ஆனால் தரவின் பகுதியாக இருக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

எண்ணிப் பார்த்துக்கொள்ளலாமே என்பது இன்னொரு யோசனை. எம்.பி.4 கோப்பின் அட்டவணையில் எத்தனை துண்டு என்று எழுதியே இருக்கிறது. 1,500 துண்டு போட்டால் 1,500 படம் வரும்வரை காத்திருப்பது. நேரலைக்கு இது உதவாது என்பது ஒருபுறம். போட்டதும் வந்ததும் சமமாக இருக்கும் என்ற அடிப்படையே தவறு என்பதுதான் முக்கியம். விபி8-இல் மற்ற படங்களுக்கு ஆதாரமாக மட்டும் பயன்படும், திரைக்கே வராத படங்கள் உண்டு. இடைவரி முறையில் எடுத்த எச்.264 வீடியோவில் ஒற்றை வரிகள் ஒரு துண்டாகவும் இரட்டை வரிகள் இன்னொரு துண்டாகவும் வந்து இரண்டும் சேர்ந்து ஒரே படமாகலாம். நடுவிலிருந்து ஓடவிட்டால், ஆதாரப் படம் இல்லாத முதல் சில படங்களை டிகோடர் தள்ளிவிடலாம். சேதமான துண்டு படமாகவே வராமல் போகலாம். இவற்றையெல்லாம் செயலி முன்கூட்டியே கணக்கிட வேண்டுமானால், டிகோடர் செய்யும் பகுப்பாய்வைச் செயலியும் ஒருமுறை செய்தாக வேண்டும். அப்புறம் வன்பொருள் எதற்கு?

லினக்ஸுக்கு வெளியே பார்த்தாலும், ஒருவரையொருவர் சாராமல் பலரும் ஏறத்தாழ இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். என் வாதத்துக்கு இது வலுவான சான்று. ஆண்ட்ராய்டில் 2012-இல் 4.1 பதிப்போடு வந்த மீடியாகோடெக், உள்ளே போடும் பஃபரில் முடிவு ஃபிளாக்கை ஒட்டச் சொல்கிறது. அதே ஃபிளாக் வெளியே வரும் கடைசிப் பஃபரில் திரும்பி வருகிறது. அதற்குப் பின் மறுபடி தரவு போட வேண்டுமானால் டிகோடரைத் துடைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக் நூலகத்தில் 2016 முதல் இருக்கும் முறையில், வெற்றுப் பொட்டலம் ஒன்றை அனுப்பினால் வடிக்கும் கட்டம் தொடங்கும். எல்லாப் படமும் வந்தபின் முடிந்தது என்ற தனிக் குறி கிடைக்கும். விண்டோஸின் மீடியா ஃபவுண்டேஷனிலும் வடித்தெடு என்று சொல்ல ஒரு தனிச் செய்தி உண்டு. அமைப்பு வேறு, பெயர் வேறு, எழுதியவர்கள் வேறு. ஆனால் போகும் பக்கத்தில் வெளிப்படையான அறிவிப்பு, வரும் பக்கத்தில் படங்களின் வரிசையிலேயே உறுதிமொழி என்ற இரண்டு பாதியும் எல்லா இடத்திலும் இருக்கின்றன.

ஒரு மறுப்பை மட்டும் எளிதில் தள்ள முடியாது. டிகோடரிடம் கையிருப்பே இல்லாவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்பது அது. உண்மையில் அப்படிப்பட்ட டிகோடர்கள் இருக்கின்றன. சில சிப்புகள் நிலை எதையும் நினைவில் வைப்பதில்லை. ஒரு படத்துக்கான தரவும் அதற்குத் தேவையான ஆதாரப் படங்களும் எவை என்று செயலியே சொல்ல, சிப் அந்த ஒன்றை மட்டும் விரித்துக் கொடுக்கும். இவற்றுக்கான லினக்ஸ் ஆவணம், 'ஸ்டாப்' கட்டளை தேவையில்லை, கொடுத்த கோரிக்கைகள் எல்லாம் முடியும்வரை காத்திருந்தால் போதும் என்கிறது. ஆனால் சிக்கல் மறைந்துவிட்டதா? வரிசைப்படுத்தும் வேலை செயலிக்குப் போயிருக்கிறது. 4, 5 இரண்டும் இப்போது செயலியின் கையில் இருக்கின்றன. தரவைப் பிரித்துத் தரும் பகுதி வரிசைப்படுத்தும் பகுதியிடம் முடிந்தது என்று சொல்லியே ஆகவேண்டும். டிரைவருக்கு வேலை குறைந்தது உண்மை. முடிவுச் செய்தி ஒரு மாடி மேலே ஏறிக்கொண்டது, அவ்வளவுதான். பிரித்துத் தரும் பகுதியும் வரிசைப்படுத்தும் பகுதியும் ஒரே நிரலுக்குள் இருப்பதால் அங்கே அதைச் சரியாகச் செய்வது எளிது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

கடைசி நாலு படம் போனால் என்ன குடி முழுகிப்போயிற்று என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. இணையத்தில் ஒளிபரப்ப வீடியோவை ஆறு நொடித் துண்டுகளாக வெட்டுவது பரவலான வழக்கம். நொடிக்கு 25 படம் என்றால் துண்டுக்கு 150 படம். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக விரித்து மறுபடி சுருக்கும் அமைப்பு, துண்டுக்கு நான்கு படத்தைத் தொலைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 600 துண்டு. தொலைவது 2,400 படம், அதாவது 96 நொடி. ஒலி முழுதாக இருக்கப் படம் மட்டும் ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் குறைந்தால் உதடசைவும் பேச்சும் பொருந்தாது. கண்காணிப்பு கேமரா, அசைவு தெரியும்போது மட்டும் சில நொடிகள் பதிகிறது. அதன் கடைசி அரை நொடி யாருக்கு எவ்வளவு முக்கியம் என்பதை முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. தரநிலைச் சோதனைக் கோப்புகளிலோ ஒவ்வொரு படமும் பிட் பிசகாமல் ஒப்பிடப்படும். ஒன்று குறைந்தாலும் தோல்விதான். திரைப்படம் பார்க்கிறவர் கவனிக்கமாட்டார் என்பது சரியே. ஆனால் டிரைவருக்குத் தன்னை யார் பயன்படுத்துகிறார் என்று தெரியாது. அதனால் எல்லோருக்கும் முழுதாகக் கொடுப்பதைத் தவிர அதற்கு வேறு நேர்மையான வழியில்லை.

விதி எழுதியாகிவிட்டது என்பதால் எல்லா டிரைவர்களும் அதன்படி நடக்கின்றன என்று நினைத்துவிட வேண்டாம். எந்த வன்பொருளும் இல்லாமல் மென்பொருளிலேயே டிகோடர் போல நடிக்கும் விகோடெக் என்ற சோதனை டிரைவர் கர்னலுக்குள் இருக்கிறது. டிரைவர் விதிப்படி நடக்கிறதா என்று சோதிக்கும் கருவியும் இலவசமாகக் கிடைக்கிறது. இந்தத் துறையில் வேலை பார்க்கும் பொறியாளர்களும், சின்ன லினக்ஸ் பலகை ஒன்றை வைத்துக்கொண்டு வீடியோ செயலி எழுதிப் பார்க்கும் மாணவர்களும் இரண்டு மணி நேரப் படத்தை ஓட்டித் திருப்தியடைவதற்கு முன், ஒரே ஒரு படம் மட்டும் உள்ள எச்.264 கோப்பை ஓட்டிப் பாருங்கள். வடிக்கும் கட்டத்தில் கோளாறு இருந்தால் பெரும்பாலும் அந்த ஒற்றைப் படம் வெளியே வராது. அது வந்தபின், வடியும் நடுவில் பார்ப்பவர் வேறு இடத்துக்குத் தாவினால் என்ன ஆகிறது என்றும், 'ஸ்டாப்' கொடுத்த மறுகணமே, மறுபடி தொடங்கச் சொல்லும் 'ஸ்டார்ட்' கட்டளை கொடுத்தால் என்ன ஆகிறது என்றும் சோதியுங்கள். எங்காவது ஒரு காலக்கெடு வைத்துத்தான் உங்கள் நிரல் பிழைக்கிறது என்று தெரிந்தால், அந்த வரியை எடுத்துவிட்டு ஃபிளாக்கைப் பாருங்கள்.